மிஷன் வீட்டு வாஷிங் மெஷினும் மலைத் தண்ணீரும்

கொடைக்கானலில் இருக்கும் உறவினர்கள் யாராவது என்னை அழைத்து, வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒரு மணி நேரமாக விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தொட்டி நிறையவே இல்லை என்று சொன்னால், நான் மெஷினைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன்னால் கழிவுநீர்க் குழாயின் நுனி எங்கே கிடக்கிறது என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அது சுவரில் போட்ட ஓட்டை வழியாக வெளியே போய், சரிவில் நாலைந்து அடி கீழே கிடக்கும். இந்தக் கேள்வியை நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்கவில்லை. 1976-இல், எனக்கு 9 வயதாக இருந்தபோது, ஒரு பழைய அமெரிக்க மெஷினின் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அப்பா கொடைக்கானலின் நாயுடுபுரத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அம்மா ஒரு மிஷன் வீட்டில் துணி துவைத்து, பெட்டி போட்டுக் கொடுத்துவந்தார். மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் 1845 முதலே கோடைக்கு மலையேறி வந்து வீடு கட்டிக்கொண்ட ஊர் இது. 1901-இல் அவர்களின் பிள்ளைகளுக்கென்று பள்ளியும் வந்துவிட்டதால், அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் பலவும் கப்பலில் வந்து மலையேறின. அம்மா வேலை செய்த வீட்டுக்கும் அப்படி ஒருநாள் வத்தலக்குண்டு வழியாக லாரியில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. அவர்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஓடிய தானியங்கி மெஷின் அதற்குள் இருந்தது. நம் நாட்டுக் கடைகளில் தானியங்கி மெஷின்கள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் என்பதால், எங்கள் தெருவில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை.

அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பது, அதற்கு முந்தைய துவைப்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மார்கழி, தை மாதங்களில் விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்திருந்தால் விரல் மரத்துப்போகும். பார் சோப்பு கல்லைப் போல இறுகிக் கிடக்கும். நனைந்த கம்பளியை ஒருவரால் பிழிய முடியாது, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். அவ்வளவு செய்தும் ஐப்பசி மழையில் துணி நாலு நாள் காயாமல் கொடியில் தொங்கி, கடைசியில் முடை நாற்றம் அடிக்கும். அம்மாவின் புறங்கை அந்த நாட்களில் வெடித்து, தேங்காய் எண்ணெய் தடவினாலும் ஆறாமல் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

மெஷின் வெள்ளை எனாமல் பூசியது. மேல்மூடியைத் திறந்தால் துளைகள் நிறைந்த கூடை போன்ற தொட்டியும், அதன் நடுவில் இறகுகள் வைத்த கறுப்புத் தண்டும் தெரியும். அந்தத் தண்டு முழுச் சுற்றாகச் சுற்றாமல் கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமுமாகத் திரும்பித் திரும்பி அசைந்ததைப் பார்த்ததும், அம்மா அதற்கு ‘மத்து’ என்று பெயர் வைத்துவிட்டார். கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துத் தயிர் கடைகிற மத்து அப்படித்தானே அசையும்! அந்தப் பெயர் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது, இந்த எழுத்திலும் அதையே சொல்கிறேன். பின்பக்கப் பலகையில் ஒரு வட்டக் குமிழ் இருந்தது. அதை வலப்பக்கமாகத் திருகி, வெளியே இழுத்தால் மெஷின் ஓடும். உள்ளே அழுத்தினால் நிற்கும். மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் மத்து அசையும், எதிர்த் திசையில் சுற்றினால் தண்ணீர் வெளியேறித் தொட்டி வேகமாகச் சுழலும் என்று அப்பா பின்தகட்டைக் கழற்றி பெல்ட்டைக் காட்டி விளக்கினார். ஒரே மோட்டாரும் ஒரே பெல்ட்டும் இரண்டு வேலை செய்வதை அவர் வியந்து சொன்ன விதம்தான் என்னை இயற்பியல் பக்கம் திருப்பியது என்று நினைக்கிறேன்.

முதல் நாளே சிக்கல் வந்தது. தண்ணீர்க் குழாயை மாட்டி, கழிவுக் குழாயைச் சுவர் ஓட்டை வழியாக வெளியே விட்டு, குமிழை இழுத்தோம். தண்ணீர் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. தொட்டியில் முழங்கை அளவு ஏறிய தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை. அந்தக் காலத்து மெஷின்களில் தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே போய் ஒரு சின்ன சுவிட்சில் முடியும். தண்ணீர் ஏற ஏற அந்தக் குழாயில் இருக்கும் காற்று அழுந்தி, குறிப்பிட்ட மட்டம் வந்ததும் சுவிட்சைத் தள்ளும். அதுவரை குமிழுக்குப் பின்னால் இருந்து நேரத்தைக் கணக்கிடும் டைமர் ஓர் அடி நகராது. எனவே மெஷின் பொறுமையாகக் காத்திருந்தது, மேல்நிலைத் தொட்டி காலியாகும் வரைக்கும். அப்பா தண்ணீர் வால்வைக் கழற்றினார், ரப்பர் குழாயை ஊதிப் பார்த்தார், சுவிட்சைத் திறந்து துடைத்தார். எதிலும் குறை இல்லை. அப்போது தோட்டத்திலிருந்து வந்த அம்மா சொன்னார்: “என்னங்க, டேங்குத் தண்ணி பூராவும் கீழ பீன்ஸ் பாத்தியிலல்ல கெடக்கு!”

குழாயின் நுனி தொட்டியின் நீர்மட்டத்தை விடத் தாழ்வாகக் கிடந்ததால், பம்ப் ஓடாதபோதும் தண்ணீர் தானாகவே கீழே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. சமவெளியில் மெஷினும் சாக்கடையும் ஏறத்தாழ ஒரே தரையில் இருக்கும். மலையில் வீட்டின் பின்சுவருக்கு அப்பால் தரையே இருக்காது. அன்று மாலை அப்பா இரண்டு வாளிகளையும் ஒரு ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டு, ஒன்றைத் திண்ணையிலும் மற்றொன்றை முற்றத்திலும் வைத்து, குழாயில் தண்ணீரை நிரப்பி எனக்குச் செய்து காட்டினார். “பாத்தியா தாயி, நுனியைத் தூக்கிப்பிடி, நின்னுரும்” என்றார். தூக்கினேன், நின்றது. மறுநாள் மெஷினுக்குப் பின்னால் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும்படி ஓர் அகலமான இரும்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கழிவுக் குழாயின் நுனியை அதன் வாயில் தளர்வாகச் செருகிவிட்டார். தளர்வாக என்பதுதான் முக்கியம். காற்று புக இடைவெளி இல்லாமல் துணியைச் சுற்றி இறுக்கிவிட்டால் மறுபடியும் அதே இழுப்பு தொடங்கிவிடும். இன்று வாங்கும் மெஷினோடு வரும் கையேட்டிலும் குழாயை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று ஒரு படம் இருக்கும். மலையில் இருப்பவர்கள் வேறு எந்தப் பக்கத்தைப் படிக்காவிட்டாலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மின்சாரம். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ட், 60 சைக்கிள், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 60 முறை அலையாக ஏறி இறங்கும். நம்முடையது 230 வோல்ட், 50 சைக்கிள். மிஷன் வீட்டில் ரேடியோவுக்கும் மிக்சிக்கும் வைத்திருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் மெஷினை மாட்டியபோது, மோட்டார் கிளம்பும் இழுப்பைத் தாங்காமல் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி வார்னிஷ் வாடை அடித்தது. அப்பா மதுரைக்குப் போய் 3000 வோல்ட்-ஆம்பியர் தாங்கும் ஒன்றைச் சுற்றி வாங்கி வந்தார். அதற்கும் மோட்டார் அடங்கவில்லை. கடுமையாக உறுமியது, பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், சைக்கிளை மாற்றாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 சைக்கிளுக்காகச் செய்த மோட்டாருக்கு 50 சைக்கிளில் அதே வோல்டேஜைக் கொடுத்தால், அதன் இரும்பு தாங்கக்கூடியதற்கு மேல் காந்தம் ஏறி, மிச்சம் எல்லாம் சூடாகவும் உறுமலாகவும் போகும். சைக்கிள் குறைந்த அதே விகிதத்தில் வோல்டேஜையும் குறைக்க வேண்டும். 120-ஐ ஆறில் ஐந்தாகக் குறைத்தால் 100. டிரான்ஸ்ஃபார்மரில் இடையிடையே முனைகள் எடுத்து வைத்திருந்த அப்பா 100 வோல்ட் முனைக்கு மாற்றினார், உறுமல் அடங்கியது. கணக்கு எனக்குப் பிற்பாடு கல்லூரியில் தெரிந்தது. அப்பா மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து, முனை முனையாக மாற்றிக் கண்டுபிடித்திருந்தார்.

சைக்கிள் குறைந்ததால் வேறு இரண்டு மாற்றங்களும் வந்தன. டைமருக்குள் இருந்த சின்ன மோட்டாரும் மெதுவாகவே சுற்றியதால், குமிழில் 12 நிமிடம் என்று போட்டிருந்த துவைப்பு 14 நிமிடத்துக்கு மேல் ஓடியது, அது நல்லதே. ஆனால் பிழியும் வேகமும் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, துணியிலிருந்து நீரை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டது. அப்பா திண்டுக்கல் லேத் பட்டறையில் மோட்டாருக்குக் கொஞ்சம் பெரிய புல்லி கடைந்து போட்டு வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். சாதாரணத் துணிக்குச் சரியாக இருந்தது; கம்பளி போட்ட அன்று மோட்டார் திணறியது. பழைய புல்லியையே மாட்டிவிட்டு, பிழியும் சுற்றை இரண்டு முறை ஓட்டும்படி அம்மாவிடம் சொன்னார். பழைய வெளிநாட்டு மெஷினைச் சீர்செய்து ஓட்ட விரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். இழந்த வேகத்தை மோட்டாரிடமிருந்து பிடுங்கப் பார்க்காமல், கூடுதல் நேரம் கொடுத்து ஈடுகட்டுங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஊரில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடுவார்கள், வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடும். அப்போது மோட்டார் கிளம்பாமல் முனகிக்கொண்டே நிற்கும். அந்த முனகல் கேட்டால் மூன்று எண்ணுவதற்குள் குமிழை அழுத்திவிட வேண்டும் என்பது எனக்கும் தம்பிக்கும் போட்ட முதல் விதி. குமிழை எந்தக் காரணத்துக்காகவும் இடப்பக்கம் திருகக் கூடாது, ஓடும்போது திருகவே கூடாது என்பது இரண்டாவது. பல்சக்கரமும் தொடுமுனைகளும் கொண்ட அந்த டைமர்கள் பின்னோக்கித் திருகினால் முனை வளைந்து கெட்டுவிடும். மற்றபடி மிக உறுதியானவை. நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலேயே நின்று, மின்சாரம் வந்ததும் அங்கிருந்தே தொடரும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் நாளுக்கு நாலு முறை மின்சாரம் போகிற ஊரில் அது பெரிய உதவி.

சோப்புத்தூள் விஷயத்தில் அம்மாதான் எனக்கு ஆசிரியர். கொடைக்கானலில் குழாயில் வருவது மழைத் தேக்கத்துத் தண்ணீர், உப்பு மிகக் குறைவு. வத்தலக்குண்டில் என் சித்தி போடும் தூளில் பாதியைப் போட்டாலே இங்கே நுரை பொங்கும். நுரை அதிகமானால் அழுக்கு அதிகம் போகும் என்று நினைத்து முதல் வாரம் தாராளமாகக் கொட்டியதில், தொட்டி சுழலும்போது நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு தரையில் வழிந்தது, மூன்று முறை அலசியும் துணியில் வழவழப்பு போகவில்லை. இன்னொன்று, 10 பாகை (டிகிரி செல்சியஸ்) தண்ணீரில் தூள் சரியாகக் கரையாது. கருநிறத் துணியில் வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒரு செம்பு வெந்நீரில் தூளைப் போட்டு, கையால் கலக்கி, விரல் இடுக்கில் மணல் போல எதுவும் நெருடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். இப்போதைய மெஷின்களுக்கும் தை மாதத்தில் நான் அப்படியே செய்கிறேன். மழைக்காலத்தில் செம்மண் கலங்கி வரும்போது வால்வின் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையில் சேறு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நூலாக விழத் தொடங்கினால் முதலில் அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும்.

என் கையால் நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள், அவருக்கு உதவுவதாக எண்ணி என்னுடைய பள்ளிக்கூட ஸ்வெட்டரை மற்றத் துணிகளோடு போட்டு, பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் ஊற்றி ஓட்டிவிட்டேன். வெளியே எடுத்தபோது அது தம்பிக்குக்கூடப் போதாத அளவுக்குச் சுருங்கி, கெட்டித் துணிபோல இறுகியிருந்தது. கம்பளி இழையில் மீன் செதிள் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் கடைசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும், பிறகு எதைச் செய்தாலும் பிரியாது. அம்மா ஒரு சொல்கூடத் திட்டவில்லை. அந்த வருடக் குளிரை அவருடைய பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு கழித்தேன். அதன் பிறகு கம்பளிக்கு நாங்கள் கண்ட வழி இதுதான்: தொட்டியில் வெறும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் நிறைந்ததும் குமிழை அழுத்தி மெஷினை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டு, மத்து அசையவே விடாமல் குமிழை நேராகப் பிழியும் இடத்துக்கு வலப்பக்கமாகத் திருகி இழுப்போம். கடைசல் இல்லை, முறுக்கல் இல்லை. கம்பளி உருவம் கெடாமல் வெளியே வரும்.

பெரிய கம்பளி ஒன்றைத் தனியாகப் போட்டால் அது ஒரு பக்கமாகச் சுருண்டு, சுழலும்போது தொட்டி பக்கச் சுவரில் முட்டி மரத்தரையே அதிரும். 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் வீட்டுத் தானியங்கி மெஷின்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கவே வேண்டியிருந்தது. எங்களுடையது பிற்காலத்தது, ஸ்பிரிங்குகளில் தொங்கும் தொட்டி. ஆனாலும் பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் அதைப் பலகையின் நடுவில் வைக்காமல், அடியில் உத்திரம் ஓடும் இடம் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. கம்பளியோடு இரண்டு துண்டுகளை எதிர்ப்பக்கம் சேர்த்துப் போட்டு எடையைச் சமன் செய்வார் அம்மா.

பிழிந்த துணியைக் காயவைக்க மலையில் வெயிலை நம்ப முடியாது. குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, சாம்பல் பூத்த பிறகு, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் துணியைப் போர்த்துவோம். கையால் பிழிந்த காலத்தில் இரவு முழுக்கக் காத்துக் கிடந்த வேலை, மெஷின் வந்த பிறகு இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. இன்றும் சில வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கதவும் சன்னலும் சாத்திய அறையில் கரி அடுப்பை வைக்காதீர்கள், அந்த அறையில் படுக்கவும் செய்யாதீர்கள். கரிப்புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பிற்காலத்தில் ஹீட்டர் வைத்த முன்கதவு மெஷின்கள் வந்தபோது, அப்பாவிடம் அதிகம் வந்த புகார் ‘நடுவில் நின்றுவிடுகிறது’ என்பதுதான். மெஷின் நின்றிருக்காது, தண்ணீர் சூடேறக் காத்திருக்கும். 15 லிட்டர் தண்ணீரை 12 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 2000 வாட் ஹீட்டருக்கு 25 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. குமிழில் 95 என்று இருக்கும் குறிக்கு நான் திருகுவதே இல்லை.

1978-இல் அந்தக் குடும்பம் தம் நாட்டுக்குத் திரும்பியபோது, மெஷினை அம்மாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் அது இன்னும் 13 வருடம் ஓடியது. குடியிருந்த தெருவில் பிள்ளை பெற்ற வீடுகளின் துணிகளையும் அம்மா அதில் போட்டுக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கியதில்லை. 1991-இல் கியர் பெட்டியின் சீல் தேய்ந்து எண்ணெய் தொட்டிக்குள் கசிந்தது. மதுரையில் அளவு பார்த்து வாங்கிப் போட்ட சீல் சில மாதம் தாங்கியது, பிறகு அதுவும் விட்டுவிட்டது. அப்பா டைமரையும் மோட்டாரையும் கழற்றி எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்தார். துளைகள் நிறைந்த அந்த எனாமல் கூடையை மட்டும் நடுத்தண்டை அறுத்து எடுத்துவிட்டு முற்றத்தில் மூன்று கல்லின் மேல் நிறுத்தினார். உறைபனி விழும் தை மாத இரவுகளில் அதில் சீகை விறகைப் போட்டு இப்போதும் கணப்பு மூட்டுகிறோம். ஈரக் கம்பளி இருந்தால், பொறி படாத தூரத்தில் நாற்காலிகளை நிறுத்தி, அவற்றின் மேல் விரித்துவிடுகிறோம்.